ஒரே ஃபைபர், பல வீடுகள்: பான் வலையில் மல்டிபிளெக்சிங், புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீடுகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் வாரத்திலேயே சுருக்கெழுத்துகளில் சிக்கிக்கொள்வார்கள். ஜிபான், இபான், எக்ஸ்ஜிஎஸ்-பான், டிடபிள்யூடிஎம், டபிள்யூடிஎம்-பான், ஓஎஃப்டிஎம்-பான் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவை எல்லாமே ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு பதில்கள்தான்: ஒரு கண்ணாடி இழையைப் பல வீடுகளுக்கு எப்படிப் பங்குபோடுவது? அப்படிப் பங்குபோடுவதுதான் மல்டிபிளெக்சிங்; வழியில் மின்சாரம் தேவைப்படாத பிரிப்பான்களைக் கொண்டு வீடுகளை எட்டும் ஃபைபர் வலைதான் பான். நேரத்தைப் பிரிக்கலாம், ஒளியின் நிறத்தைப் பிரிக்கலாம், அதிர்வெண்ணைப் பிரிக்கலாம், குறியீட்டைக் கொண்டும் பிரிக்கலாம்.

பாடப்புத்தகங்கள் இந்த நான்கையும் ஒரே வரிசையில், சம மரியாதையோடு நிறுத்தும். களத்தில் அப்படி இல்லை. கடலடி கேபிளின் இரு முனையிலும் எவ்வளவு விலையுயர்ந்த கருவியை வைத்தாலும் கட்டுப்படியாகும். அதைப் பயன்படுத்துவோர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். வீடுகளை எட்டும் அணுகல் வலையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி வைக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் லேசரின் விலை கொஞ்சம் கூடினால், அது அப்படியே வீடுகளின் எண்ணிக்கையால் பெருகிவிடும். அதனால் எந்த முறையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், எத்தனை ஜிகாபிட் என்று கேட்பதற்கு முன் வீட்டுப் பெட்டியில் என்ன லேசர் வேண்டும் என்று கேளுங்கள். எந்த முறை பரவியது, எது ஆய்வகத்திலேயே தங்கிப்போனது என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

படி 1: மரத்தை வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளை எடுங்கள். இடது ஓரத்தில் ஓஎல்டி. இது எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெட்டி. அதன் ஒரு போர்ட்டிலிருந்து ஒரே ஒரு ஃபைபர் புறப்படுகிறது. அதை ஃபீடர் என்பார்கள். சில கிலோமீட்டர் தள்ளி ஸ்பிளிட்டர். அதிலிருந்து 32 அல்லது 64 கிளைகள், ஒவ்வொரு கிளையின் முடிவிலும் வீட்டுப் பெட்டியான ஓஎன்டி. ஸ்பிளிட்டரை ஒரே இடத்தில் வைக்கலாம். 1:4, பிறகு 1:8 என்று இரண்டு கட்டமாகவும் வைக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். உள்ளே வரும் ஒளியைப் பங்கிட்டு வெளியே விடுவதோடு அதன் வேலை முடிந்தது. எந்த நிறம், எந்த வேகம், யாருக்கான தரவு என்று அதற்கு எதுவும் தெரியாது. அது எதையும் அறியாமல் இருப்பதுதான் இந்த வலையின் மிகப்பெரிய பலம். 2.5 ஜிகாபிட் காலத்தில் புதைத்த ஸ்பிளிட்டர் 50 ஜிகாபிட் காலத்திலும் அப்படியே வேலை செய்யும்.

புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. கீழ்நோக்கிப் போகும் ஒளி 32 ஆகப் பிரிவதால் குறைகிறது. மேல்நோக்கி வருவது ஒன்றாகச் சேர்கிறதே, அதில் ஏன் இழப்பு இருக்கப்போகிறது என்று நினைப்பார்கள். உண்மையில் மேல்நோக்கியும் அதே அளவு இழப்புதான். ஒரு கிளையிலிருந்து வரும் ஒளி ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் பாதியைப் பறிகொடுத்துவிட்டுத்தான் மேலே ஏறும். இழப்பை டெசிபலில் அளப்பார்கள், ஒளி பாதியாவது ஏறக்குறைய 3 டெசிபல்; 1:32 ஸ்பிளிட்டர் என்றால் இரு திசையிலும் கோட்பாட்டளவில் 15 டெசிபல், நடைமுறையில் 17 முதல் 17.5 டெசிபல்.

வரைபடத்தில் இரண்டு அம்புகளையும் போட்டுவிடுங்கள். ஜிபானில் (2.5 ஜிகாபிட் பான் வகை) கீழ்நோக்கிய ஒளி 1490 நானோமீட்டர், மேல்நோக்கிய ஒளி 1310 நானோமீட்டர். ஒரே ஃபைபரில் இரண்டும் எதிரெதிராகப் போகின்றன, ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆக, நேரப் பங்கீட்டு வலை என்று பெயர் வாங்கிய ஜிபானிலேயே நிறப் பங்கீடும் ஒளிந்திருக்கிறது: திசைகளைப் பிரிப்பது நிறம், வீடுகளைப் பிரிப்பது நேரம். வீட்டுப் பக்கம் 1310-ஐக் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. சாதாரண ஃபைபரில் அந்த அலைநீளத்தை ஒட்டி ஒளிச் சிதறல் (ஒளித் துடிப்பு போகப்போக அகன்றுவிடுவது) ஏறக்குறைய சுழியம். மலிவான லேசரே தாக்குப்பிடிக்கும்.

படி 2: கீழ்நோக்கிப் போகும் நேரத்தைப் படியுங்கள்

இது எளிது. ஓஎல்டி ஒன்றே பேசுகிறது, எல்லா வீடும் கேட்கிறது. ஜிபானில் தரவு 125 மைக்ரோவிநாடிச் சட்டகங்களாகப் போகும், 2.488 ஜிகாபிட் வேகத்தில் ஒரு சட்டகத்தில் 38,880 பைட்டுகள் அடங்கும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஓர் எண் இருக்கும். தன்னுடைய எண்ணைப் பார்த்தால் ஓஎன்டி எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் விட்டுவிடும்.

பக்கத்து வீட்டுத் தரவு உங்கள் வீட்டுப் பெட்டி வரை வருகிறதா என்றால், ஆம், வருகிறது. அதனால்தான் கீழ்நோக்கிய திசையில் ஏஇஎஸ்-128 மறையாக்கம் தரநிலையிலேயே இடம்பெற்றிருக்கிறது. அதை இயக்கி வைத்திருக்கிறார்களா என்பது ஓஎல்டி அமைப்புகளில் பார்க்க வேண்டிய விஷயம்; தானாக இயங்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

படி 3: மேல்நோக்கி வரும் நேரம், இங்கே நிதானமாக நில்லுங்கள்

பான் தொழில்நுட்பத்தின் சூட்சுமம் முழுவதும் இந்தத் திசையில்தான் இருக்கிறது. 32 லேசர்கள் ஒரே ஃபைபருக்குள் ஒளியைத் தள்ளுகின்றன. இரண்டு பேர் ஒரே கணத்தில் பேசினால் இருவர் பேச்சும் பாழ். எனவே ஓஎல்டி ஒவ்வொரு சட்டகத்தோடும் ஒரு நேர அட்டவணையைக் கீழே அனுப்புகிறது: நீ இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை பேசலாம். ஜிபானில் மேல்நோக்கிய வேகம் 1.244 ஜிகாபிட், 125 மைக்ரோவிநாடியில் 19,440 பைட்டுகள். ஒரு வீட்டுக்கு ஒவ்வொரு சட்டகத்திலும் 100-லிருந்து 1499 வரை ஒதுக்கினால் 1,400 பைட்டுகள். விநாடிக்கு 8,000 சட்டகங்கள் என்பதால் 89.6 மெகாபிட். இந்தப் பெருக்கலை ஒருமுறை கையால் போட்டுப்பாருங்கள். அதன்பிறகு ஓஎல்டி திரையில் வரும் எண்கள் மிரட்டாது.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 மைக்ரோவிநாடி ஆகிறது. ஒரு வீடு 1 கிலோமீட்டரில், இன்னொன்று 15 கிலோமீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்வர முதல் வீட்டுக்கு 10, இரண்டாவதற்கு 150 மைக்ரோவிநாடி. வித்தியாசம் 140. அதாவது ஒரு முழுச் சட்டகத்தையும் விட அதிகம்! அட்டவணையை மட்டும் நம்பி இருவரும் பேசினால் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள்.

இதற்குத்தான் ரேஞ்சிங். புதிய ஓஎன்டி இணையும்போது ஓஎல்டி மற்ற எல்லோரையும் ஒரு கணம் அடக்கி, புதியவரை மட்டும் பேசச்சொல்லி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கிறது. பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு காத்திருப்பு நேரத்தைக் கொடுக்கிறது. அருகில் இருப்பவர் அதிகம் காத்திருக்க வேண்டும், தொலைவில் இருப்பவர் குறைவாக. கடைசியில் எல்லோரும் ஒரே தூரத்தில் இருப்பது போல ஓஎல்டிக்குத் தெரியும். 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்காரர் எக்ஸ்சேஞ்சுக்கு அருகில் இருப்பதால் தனக்குத் தாமதம் குறைவு என்று மகிழ வேண்டியதில்லை என்பது இதில் ஒரு சிறிய வேடிக்கை.

அடுத்தது ஒளியின் அளவு. எவ்வளவு இழப்பைத் தாங்கும் என்பதை வைத்து ஒளிக் கருவிகளை வகுப்புகளாகப் பிரிப்பார்கள். ஜிபானின் பி-பிளஸ் வகுப்பில் பாதை இழப்பு 13 முதல் 28 டெசிபல் வரை இருக்கலாம். 15 டெசிபல் வித்தியாசம் என்றால் ஒரு வீட்டின் ஒளி இன்னொரு வீட்டினுடையதை விட 30 மடங்குக்கும் மேல் பலமாக வந்து சேரலாம். உரத்த குரல் முடிந்த கையோடு முணுமுணுப்பு வந்தால், ஏற்பி சட்டென்று தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். எவ்வளவு சட்டென்று? ஒரு வீடு தன் முறையில் அனுப்பும் ஒளித் தொகுப்பை வெடிப்பு (பர்ஸ்ட்) என்பார்கள். ஏற்பி நிலைப்படுவதற்காக ஒவ்வொரு வெடிப்புக்கும் முன்னால் தரநிலை கொடுக்கும் முன்னோட்டம் 44 பிட். 1.244 ஜிகாபிட்டில் அது வெறும் 35 நானோவிநாடி. இதைச் செய்யும் பர்ஸ்ட் மோட் ஏற்பியால்தான் ஓஎல்டி பக்கத்து ஆப்டிக்ஸ் சாதாரண ஈத்தர்நெட் மாட்யூலைப் போல மலிவாகக் கிடைப்பதில்லை. செலவை எக்ஸ்சேஞ்சுக்குத் தள்ளிவிட்டு வீட்டுப் பெட்டியை எளிமையாக வைத்திருக்கிறார்கள். நான் முதலில் சொன்ன கேள்வி இங்கேயே வேலை செய்வதைக் கவனியுங்கள்.

இடைவெளி, முன்னோட்டம், எல்லைக்குறி மூன்றும் சேர்ந்து ஒரு வெடிப்புக்கு 96 பிட், அதாவது 12 பைட். 32 வீடும் ஒவ்வொரு சட்டகத்திலும் பேசினால் 384 பைட் வீணாகும். 19,440-இல் அது 2 சதவீதம். பரவாயில்லை. வேகம் கூடக்கூட ஏற்பி நிலைப்படுவதற்கான நேரம் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பதால், பிந்தைய தலைமுறைகளில் இந்தச் செலவு பெரிதாகிறது.

யாருக்கு எவ்வளவு நேரம் என்பதை முடிவு செய்வது டிபிஏ. ஓஎன்டி தன் வரிசையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று சொல்லும். ஓஎல்டி அதற்கேற்ப அடுத்த அட்டவணையைப் போடும். நிலையான ஒதுக்கீடு, உறுதியளித்த ஒதுக்கீடு, மிச்சமிருந்தால் தருவது என்பன போல டி-கான்ட் எனப்படும் ஒதுக்கீட்டு வகைகள் ஐந்து. குரல் அழைப்புக்கு நிலையானது, சாதாரண இணையத்துக்கு மிச்சத்தைத் தருவது என்று தொடங்குங்கள். எல்லாருக்கும் நிலையானதைக் கொடுத்துவிட்டால், யாரும் பயன்படுத்தாத நேரமும் பூட்டிக் கிடக்கும். பங்குபோடும் வலை கட்டியதன் பயனே போய்விடும்.

ஈத்தர்நெட் அடிப்படையிலான பான் வகையான இபானிலும் இதே தத்துவம்தான், மொழி மட்டும் வேறு. தரநிலை அமைப்பான ஐஇஇஇ 2004-இல் வெளியிட்ட 802.3ஏஎச் தரநிலையில் ஓஎல்டி அனுப்புவது கேட் செய்தி, ஓஎன்டி அனுப்புவது ரிப்போர்ட் செய்தி. நேரத்தை 16 நானோவிநாடி அலகுகளில் எண்ணுவார்கள்.

படி 4: ஒளிக் கணக்கைப் போடுங்கள்

எத்தனை வீடுகளுக்குப் பங்கிடலாம் என்பதை முதலில் தீர்மானிப்பது ஜிகாபிட் இல்லை, டெசிபல். ஒரு மாதிரிக் கணக்கு:

எக்ஸ்சேஞ்சிலிருந்து கடைசி வீடு 12 கிலோமீட்டர். 1:32 ஸ்பிளிட்டர். நான்கு கனெக்டர்கள், எட்டு ஸ்பிளைஸ்கள் (ஃபைபரை ஒட்டிய இடங்கள்). இழப்பு அதிகமான 1310 நானோமீட்டரில் கணக்கிடுவோம். ஃபைபர் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 4.2; ஸ்பிளிட்டர் 17.5, கனெக்டர் தலா 0.3 வீதம் 1.2, ஸ்பிளைஸ் தலா 0.1 வீதம் 0.8. மொத்தம் 23.7 டெசிபல். பிற்காலத்தில் கேபிள் அறுந்து ஒட்டுப்போடுவதற்கும், பழசாவதற்கும் 3 டெசிபல் ஒதுக்கி வைத்தால் 26.7. பி-பிளஸ் வகுப்பின் உச்சம் 28. தேறிவிட்டது.

இதே இடத்தில் 1:64 போட ஆசைப்பட்டால் ஸ்பிளிட்டர் இழப்பு ஏறக்குறைய 21. மொத்தம் 27.2, ஒதுக்கீட்டோடு 30.2. பி-பிளஸ் தாங்காது, 32 டெசிபல் வரை போகும் சி-பிளஸ் ஆப்டிக்ஸ் வேண்டும். ஒதுக்கீட்டைத் தின்றுவிட்டு 27.2-ஐ 28-க்குள் அடக்கிவிட்டோம் என்று திருப்திப்படுபவர்கள் உண்டு. வலை திறந்த அன்று எல்லாம் பச்சையாகத்தான் எரியும். இரண்டாவது ஒட்டு விழுந்த பிறகுதான் புகார்கள் வரத் தொடங்கும்.

கீழ்நோக்கிய அளவையும் எழுதி வையுங்கள். 1490-இல் ஃபைபர் இழப்பு கிலோமீட்டருக்கு 0.25 என்று கொண்டால் மொத்தம் 22.5. ஓஎல்டி பிளஸ் 3 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஒளி அளவு) அனுப்பினால் வீட்டில் மைனஸ் 19.5 டிபிஎம் வர வேண்டும். பி-பிளஸ் ஓஎன்டி மைனஸ் 27 வரை படிக்கும், மைனஸ் 8-ஐத் தாண்டிப் பலமாக வந்தால் திணறும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது ஸ்பிளிட்டர் இல்லாமல் நேரடியாகச் செருகக்கூடாது என்பது இதனால்தான். ஒளியைக் குறைக்கும் ஒரு அட்டென்யூவேட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: வேகக் கணக்கு

ஜிபானின் 2.488 ஜிகாபிட்டை 32 ஆல் வகுத்தால் வீட்டுக்கு 78 மெகாபிட். ஆனாலும் 300, 500 மெகாபிட் என்று தாராளமாக விற்கிறார்கள், அதுவும் ஏமாற்று வேலை இல்லை. 32 பேரும் ஒரே விநாடியில் முழு வேகத்தில் இழுப்பது அபூர்வம். 10 ஜிகாபிட் தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பானில் 9.953 ஜிகாபிட் இருதிசையிலும் கிடைக்கும். அதில் பிழைதிருத்தக் குறியீடு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 248 பைட்டில் 216 மட்டுமே உண்மையான தரவு. மிஞ்சுவது சுமார் 8.7 ஜிகாபிட். 32-க்கு வகுத்தால் ஏறக்குறைய 270 மெகாபிட். பெட்டியின் மேல் எழுதிய 10 ஜிகாபிட்டை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

ஒரு போர்ட்டில் நெரிசல் வந்தால் முதல் மருந்து ஸ்பிளிட்டை உடைப்பதுதான்: 64 வீட்டை இரண்டு 32-ஆக்கி இரண்டு போர்ட்டில் போடுவது. ஃபீடரில் உபரி ஃபைபர் இருந்தால் இதைவிட மலிவான வழி வேறில்லை. உபரி இல்லாதபோதுதான் நிறத்தைத் தேட வேண்டும்.

படி 6: அதே மரத்தில் புதிய நிறத்தை ஏற்றுங்கள்

நிறப் பங்கீடு என்றதும் வீட்டுக்கு ஒரு நிறம் என்றுதான் பலருக்கும் தோன்றும். நடைமுறையில் அது அதிகம் பயன்படுவது தலைமுறைகளைப் பிரிக்கத்தான். ஜிபான் 1490-இல் கீழே, 1310-இல் மேலே. எக்ஸ்ஜி-பானும் எக்ஸ்ஜிஎஸ்-பானும் 1577-இல் கீழே, 1270-இல் மேலே. 1550-ஐ ஒட்டிக் கேபிள் டிவி வீடியோ. எல்லாமே ஒரே ஃபைபரில், ஒரே ஸ்பிளிட்டர் வழியாக. பழைய வாடிக்கையாளர் பழைய பெட்டியோடே இருக்கலாம். அதிக வேகம் கேட்டவர் வீட்டில் மட்டும் பெட்டியை மாற்றினால் போதும்.

இதற்கு எக்ஸ்சேஞ்சில் ஒரு கோஎக்ஸிஸ்டென்ஸ் வடிப்பான் வேண்டும். பழைய ஓஎல்டியும் புதிய ஓஎல்டியும் அதில் சேர்ந்து ஃபீடருக்குள் போகும். அதற்கு இழப்பு சுமார் 1 டெசிபல். எக்ஸ்ஜி-பானின் என்1 வகுப்பு 29 டெசிபல் என்று வைக்கப்பட்டது 28 டெசிபல் பழைய வலையும் இந்த ஒரு டெசிபலும் சேர்ந்து அடங்கத்தான். பழைய ஜிபான் பக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஏற்கெனவே 27.5-இல் ஓடிக்கொண்டிருக்கும் மரத்தில் வடிப்பானைச் செருகினால், எதையும் மாற்றிக்கொள்ளாத பழைய வாடிக்கையாளர்தான் முதலில் துண்டிக்கப்படுவார். என் யோசனை: புதிய மரம் கட்டும்போதே, ஜிபான் மட்டும்தான் என்றாலும், வடிப்பானைப் போட்டுவிடுங்கள். பின்னாளில் சேவையை நிறுத்தாமல் மேம்படுத்தலாம்.

இன்னொரு பொறி பழைய ஓஎன்டிகளில் இருக்கிறது. முதல் ஜிபான் தரநிலை மேல்நோக்கிய ஒளிக்கு 1260 முதல் 1360 வரை தாராளமாக இடம் விட்டிருந்தது. 2007-இல் வந்த சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.984.5 பரிந்துரை அதை 1290 முதல் 1330 வரை சுருக்கி, புதிய தலைமுறைக்கு இடம் ஒதுக்கியது. ஓஎன்டிக்குள் பிற நிறங்களைத் தடுக்கும் வடிப்பானையும் விவரித்தது. அந்த வடிப்பான் இல்லாத மிகப் பழைய பெட்டி 1577 ஒளியையும் உள்ளே வாங்கிக் குழம்பலாம். எனவே 10 ஜிகாபிட்டை ஏற்றுவதற்கு முன் மரத்தில் உள்ள பெட்டிகளின் மாடல் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சலிப்பான வேலை, ஆனால் நள்ளிரவு அழைப்புகளைத் தவிர்க்கும்.

50 ஜிகாபிட் பான் 2021-இல் ஜி.9804 தொடரில் வந்தது. அது கீழ்நோக்கி 1342 நானோமீட்டரை எடுத்துக்கொண்டது. ஏன் 1577 பக்கமே இன்னோர் இடம் பிடிக்கவில்லை? அந்த வேகத்தில் அங்கே ஒளிச் சிதறல் சமாளிக்க முடியாத அளவுக்குப் போய்விடும். 1310-க்கு அருகில் என்றால் தாங்கும். மேல்நோக்கிய பக்கம் நெருக்கடி. 1270-ஐ எடுத்தால் எக்ஸ்ஜிஎஸ்-பானோடு மோதல், 1300-ஐ எடுத்தால் ஜிபானோடு மோதல். இரண்டுக்கும் நடுவே 1286-ஐ ஒட்டிய குறுகலான பட்டையும் தெரிவாக உண்டு. மூன்று தலைமுறையும் ஒரே மரத்தில் ஓட வேண்டுமானால் அதுதான் வழி. பட்டை குறுகினால் லேசரின் நிறம் நகராமல் பிடித்து வைக்க வேண்டும், அதற்கும் வீட்டுப் பெட்டியில்தான் செலவு.

படி 7: நேரமும் நிறமும் சேர்ந்தால், வீட்டுக்கொரு நிறம் என்றால்

என்ஜி-பான்2 எனப்படும் ஜி.989 தொடர் நான்கு நிறச் சோடிகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் 10 ஜிகாபிட் நேரப் பங்கீட்டை ஓட்டுகிறது. மொத்தம் 40 ஜிகாபிட். எட்டு நிறம் வரை விரியலாம். கீழ்நோக்கி 1596 முதல் 1603, மேல்நோக்கி 1524 முதல் 1544 நானோமீட்டர். காகிதத்தில் அழகு: ஒரு நிறத்தில் நெரிசல் என்றால் சில வீடுகளை இன்னொரு நிறத்துக்கு மாற்றலாம், இரவில் ஆளில்லாத போர்ட்டை அணைத்துவிடலாம். ஆனால் எந்த நிறத்துக்கும் மாறக்கூடிய லேசரும் வடிப்பானும் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். அமெரிக்காவில் வெரைசான் நிறுவனம் இதைக் கையிலெடுத்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் ஒற்றை நிறமான எக்ஸ்ஜிஎஸ்-பானோடு நின்றுகொண்டார்கள். அடுத்த கட்டமான 50 ஜிகாபிட்டும் மறுபடி ஒரே நிறத்தில் நேரப் பங்கீடாகவே வந்ததைப் பார்த்தால், துறை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று புரியும்.

வீட்டுக்கொரு நிறம் தரும் டபிள்யூடிஎம்-பானில் ஸ்பிளிட்டரையே எடுத்துவிட்டு ஏடபிள்யூஜி என்ற நிறம் பிரிக்கும் சில்லை வைக்கிறார்கள். ஒவ்வொரு நிறமும் தனித்தனிக் கிளைக்குப் போய்விடுகிறது. சக்தியைப் பங்கிடுவதில்லை என்பதால் இழப்பு சுமார் 5 டெசிபல்தான், 32 கிளை இருந்தாலும். காத்திருப்பு இல்லை, டிபிஏ இல்லை, பக்கத்து வீட்டுத் தரவு வருவதுமில்லை. கேட்கவே இனிக்கிறது.

கசப்பு வெப்பத்தில் இருக்கிறது. சிலிக்கா ஏடபிள்யூஜியின் நிறம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.01 நானோமீட்டர் நகரும். தெருவோரப் பெட்டியில் பகலுக்கும் இரவுக்கும், கோடைக்கும் குளிருக்கும் 60 டிகிரி வித்தியாசம் வந்தால் 0.6 நானோமீட்டர். நிறங்களை நெருக்கமாக அடுக்கும் டிடபிள்யூடிஎம் முறையில், 100 ஜிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கிய நிறங்களுக்கு இடையே உள்ள தூரமே 0.8 நானோமீட்டர்தான். வெப்பத்தால் நகராத ஏதெர்மல் வகையைத்தான் வாங்க வேண்டும். அடுத்த தலைவலி, 32 வீட்டுக்கு 32 விதமான லேசர்களா என்பது. கிடங்கில் எத்தனை மாடல் அடுக்குவது? எந்தப் பெட்டியும் எந்தக் கிளையிலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, மேலிருந்து வரும் ஒளியால் நிறம் தீர்மானிக்கப்படும் லேசர்கள், பிரதிபலிக்கும் பெருக்கிகள் என்று பல வழிகளை முயன்றார்கள். இன்று டபிள்யூடிஎம் தனி நிறம் பொருந்துவது வீடுகளுக்கு இல்லை. தாமதத்தைச் சகிக்காத மொபைல் கோபுர இணைப்புகளுக்கும், பெரிய அலுவலகங்களுக்கும். ஒரு கோபுரம் அந்தச் செலவைத் தாங்கும்.

சில கிளைகள் மட்டும் வேண்டுமென்றால், நிறங்களை அகலமாக அடுக்கும் சிடபிள்யூடிஎம்-ஐப் பாருங்கள். 1271 முதல் 1611 வரை 20 நானோமீட்டர் இடைவெளியில் 18 நிறங்கள். குளிரூட்டி இல்லாத லேசர் டிகிரிக்கு 0.1 நானோமீட்டர் நகர்ந்து 70 டிகிரியில் 7 நானோமீட்டர் போனாலும் தன் பட்டைக்குள்ளேயே இருக்கும். இவ்வளவு அகலமாக இடைவெளி விட்டதே அதற்குத்தான்.

படி 8: மீதி முறைகளை அறிந்து வையுங்கள், அவசரப்பட வேண்டாம்

ஒரே ஒளியின் மேல் பல ரேடியோ அதிர்வெண்களை ஏற்றுவது சப்கேரியர் மல்டிபிளெக்சிங். 1550-இல் போகும் கேபிள் டிவி அதுதான். கீழ்நோக்கி அருமையாக வேலை செய்யும். மேல்நோக்கி இரண்டு வீட்டு லேசர்களின் அலைநீளம் நெருங்கிவிட்டால், ஏற்பியில் அவற்றின் வித்தியாசம் இரைச்சலாக வந்து விழும். ஓஎஃப்டிஎம்-பான் அலைக்கற்றையை நெகிழ்வாக வெட்டித்தரும், ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் வேகமான சிக்னல் செயலி மின்சாரம் குடிக்கும். குறியீட்டுப் பங்கீடான ஓசிடிஎம்ஏ-வில் பயனர்கள் கூடக்கூட ஒருவர் இன்னொருவருக்கு இரைச்சலாகிவிடுகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளில்தான் அதிகம் பார்க்கலாம்.

கண் வைக்க வேண்டியது கோஹரன்ட் முறை. ஒளியின் வீச்சோடு அலைக் கட்டத்தையும் (ஃபேஸ்) துருவமுனைப்பையும் பயன்படுத்துவதால் ஏற்பியின் கூர்மை பலமடங்கு கூடும், 100 ஜிகாபிட் நீண்ட தூரம் போகும். கேபிள் நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான கேபிள்லேப்ஸ் இதற்கு விவரக்குறிப்புகள் வெளியிட்டிருக்கிறது. வீட்டுப் பெட்டிக்குள் வரும் விலை இன்னும் இல்லை.

படி 9: களத்தில் சரிபார்க்கும்போது

நிறங்கள் கூடியதும் பழைய பவர் மீட்டர் ஏமாற்றத் தொடங்கும். சாதாரண மீட்டர் தன் மேல் விழும் எல்லா ஒளியையும் கூட்டித்தான் காட்டும். 1490 செத்துக்கிடந்தாலும் 1577 உயிரோடிருந்தால் எண் நன்றாகவே தெரியும், ஜிபான் பெட்டி மட்டும் எழுந்திருக்காது. நிறம் பிரித்துக் காட்டும் பான் மீட்டர் வேண்டும். மேல்நோக்கிய ஒளியை அளக்க அது ஃபைபருக்கு நடுவே செருகக்கூடிய வகையாகவும் இருக்க வேண்டும். ஓஎன்டியைக் கழற்றி நேராக மீட்டரில் வைத்தால் எதுவும் தெரியாது. ஓஎல்டி அனுமதி தராமல் அது ஒளி விடாது.

கனெக்டரில் பச்சை ஏபிசி, நீலம் யுபிசி. பச்சையின் முனை சாய்வாகத் தேய்க்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துச் செருகினால் நடுவே இடைவெளி விழுந்து சில டெசிபல்கள் காணாமல் போகும், முனையும் கெடலாம். இழப்பு புரியவில்லை என்றால் ஸ்பிளிட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் முனைகளைத் துடைத்து, நுண்ணோக்கியில் பாருங்கள். வெறும் கண்ணால் ஃபைபர் முனையைப் பார்க்கவே கூடாது. இந்த அலைநீளங்கள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, எரிந்துகொண்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

ஒரே நேரத்தில் மரம் முழுவதும் விழுந்து எழுந்தால், அதுவும் கீழ்நோக்கிய அளவுகள் எல்லாம் சரியாக இருந்தால், முறை தவறிப் பேசும் ஓஎன்டி ஒன்று இருக்கக்கூடும். அதன் லேசர் அணையாமல் எரிந்து, மற்ற எல்லோரின் நேரத்திலும் புகுந்துவிடும். ரோக் ஓஎன்டி என்பார்கள். பல ஓஎல்டிகள் இதைத் தாமே கண்டுபிடித்து, தொடர் எண்ணைக் குறிப்பிட்டு அணைக்கச் சொல்லும். பெட்டி அந்தக் கட்டளையைக் கேட்கும் நிலையில் இல்லை என்றால், ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு கிளையாகக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. எந்தக் கிளை எந்த வீடு என்று லேபிள் ஒட்டியிருந்தால் அரைமணி நேர வேலை.

ஓடிக்கொண்டிருக்கும் மரத்தில் ஓடிடிஆர் (ஒளித் துடிப்பை அனுப்பி அதன் எதிரொலியை அளக்கும் கருவி) போடும்போது 1310, 1550 என்று பழக்கத்தில் அழுத்திவிடாதீர்கள். 1310 துடிப்பு நேராக ஓஎல்டியின் காதில் போய் விழும். 1625 அல்லது 1650 நானோமீட்டரில், வடிப்பான் உள்ள போர்ட்டில் அளக்க வேண்டும். வீட்டுப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி அளந்தால் அந்தக் கிளையின் கோடு தெளிவாக வரும். எக்ஸ்சேஞ்சிலிருந்து அளந்தால் ஸ்பிளிட்டரைத் தாண்டியதும் 32 கிளைகளின் எதிரொலியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடும். எந்த மேடு யாருடையது என்று பிரித்தறிய முடியாது.